ஓர் உயில், மூன்று அறக்கட்டளைகள்: தயாள் சிங் மஜீதியாவின் வாழ்வும் கொடையும்

புது தில்லி: தலைநகரின் லோதி சாலையில் தயாள் சிங் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஹரியாணாவின் கர்னாலிலும், எல்லைக்கு அப்பால் லாகூரிலும் அதே பெயரில் கல்லூரிகள் உள்ளன. லாகூரின் நிஸ்பெட் சாலையில் அதே பெயரில் ஒரு பொது நூலகமும் உண்டு. சண்டீகரிலிருந்து வெளிவரும் 'டிரிப்யூன்' நாளேட்டுக்குத் தனி முதலாளி கிடையாது. அதை நடத்துவது ஓர் அறக்கட்டளை. இவை அனைத்துக்கும் மூலம் ஒரே மனிதர் 1895-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி எழுதி வைத்த உயில்.

அந்த மனிதர் சர்தார் தயாள் சிங் மஜீதியா. இந்தியாவில் தனிமனிதர்கள் பொதுப் பணிக்கென எழுதி வைத்த சொத்துகளில் பெரும்பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும் அன்னதானத்துக்கும் சென்றது. ஒரு செய்தித்தாள், ஒரு கல்லூரி, ஒரு நூலகம் ஆகிய மூன்றுக்கும் தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஒதுக்கியவர் தயாள் சிங். அவர் மறைந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த உயில் பற்றிய வழக்குகளும் விவாதங்களும் ஓயவில்லை. நீதிமன்றங்களிலும், அண்மைக் காலத்தில் நாடாளுமன்றத்திலும் அது பேசுபொருளாகியிருக்கிறது.

காசியில் பிறந்த பஞ்சாபியர்

அமிருதசரஸ் அருகேயுள்ள மஜீதா என்ற ஊரைச் சேர்ந்த பிரபுக் குடும்பம் அது. பாட்டனார் தேசா சிங்கும், தந்தை லேனா சிங்கும் மகாராஜா ரஞ்சித் சிங்கின் அரசில் மலைப் பகுதிகளின் ஆளுநர்களாக இருந்தவர்கள். பொற்கோயில் நிர்வாகத்தோடும் அக்குடும்பத்துக்குத் தொடர்பு இருந்தது. லேனா சிங் படைத் தலைவர் மட்டுமல்லர். பீரங்கி வார்ப்பிலும் கணிதத்திலும் வானியலிலும் தேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர்.

1839-இல் ரஞ்சித் சிங் மறைந்த பின் லாகூர் அரண்மனையில் கொலைகளும் சூழ்ச்சிகளும் மலிந்தன. நிலைமையை உணர்ந்த லேனா சிங் பஞ்சாபை விட்டு வெளியேறிக் காசியில் குடியேறினார். அங்கே 1848-இல் தயாள் சிங் பிறந்தார். அடுத்த ஆண்டே சீக்கியப் பேரரசு வீழ்ந்து பஞ்சாப் பிரிட்டிஷார் வசமானது. 1854-இல் தந்தை இறந்தபோது மகனுக்கு வயது ஆறு.

வாரிசு சிறுவனாக இருந்ததால் குடும்பச் சொத்துகளை அரசின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வகித்தது. தயாள் சிங் அமிருதசரஸின் கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, காசியில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, மிஷன் பள்ளியில் பைபிளும் கற்ற அந்த இளைஞருக்கு எந்த ஒரு சமயத்தின் வேலிக்குள்ளும் நிற்க மனமில்லை. 1874 முதல் 1876 வரை இங்கிலாந்தில் தங்கிவிட்டுத் திரும்பிய பின், வங்காளத்திலிருந்து பரவிய பிரம்ம சமாஜத்தின் ஒரே கடவுள் கொள்கையும் சமூகச் சீர்திருத்த நோக்கும் அவரைப் பெரிதும் ஈர்த்தன.

செய்தித்தாள் பிறந்த கதை

பரம்பரை ஜமீன்தார்கள் பலர் ஆங்கில அதிகாரிகளின் நல்லெண்ணத்தையே பெரும் சொத்தாகக் கருதிய காலம் அது. தயாள் சிங் வேறு வழியில் சென்றார். லாகூரில் கட்டடங்களிலும் நிலங்களிலும் முதலீடு செய்து செல்வத்தைப் பெருக்கினார். அரசியல் விழிப்புணர்வு கொண்ட படித்த நடுத்தர வர்க்கத்தினரோடு சேர்ந்து இயங்கினார். 1877-இல் சுரேந்திரநாத் பானர்ஜி வட இந்தியச் சுற்றுப்பயணத்தில் லாகூர் வந்தபோது இருவருக்கும் ஏற்பட்ட பழக்கம் நீண்ட நட்பாக வளர்ந்தது.

அப்போது பஞ்சாபில் செல்வாக்குப் பெற்றிருந்த ஆங்கில ஏடு 'சிவில் அண்டு மிலிட்டரி கெஜட்'. அது ஆளும் வெள்ளையரின் குரல். இந்தியர் தரப்பை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க அம்மாகாணத்தில் வலுவான ஏடு இல்லை. பானர்ஜியின் ஊக்கத்தால் அந்தக் குறையை நீக்கத் தயாள் சிங் முன்வந்தார். அச்சு இயந்திரம் கல்கத்தாவில் வாங்கப்பட்டது. முதல் ஆசிரியராக டாக்காவைச் சேர்ந்த சீதளகாந்த சட்டர்ஜி தேர்ந்தெடுக்கப்பட்டார். 1881 பிப்ரவரி 2-ஆம் தேதி 'டிரிப்யூன்' வார ஏடாக லாகூரில் வெளிவந்தது. செலவு முழுவதும் தயாள் சிங்குடையது.

பஞ்சாபுக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைக்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. கீழைமொழிக் கல்விக்கே முதலிடம் தர வேண்டும் என்று ஆங்கில அறிஞர்கள் சிலர் வாதிட்டனர். அப்படிச் செய்தால் பஞ்சாப் இளைஞர்கள் அறிவியலிலும் அரசுப் பணியிலும் வங்காள, பம்பாய், சென்னை மாகாணத்தாருக்குப் பின்தங்கிவிடுவார்கள் என்று தயாள் சிங்கும் அவரது ஏடும் எதிர்வாதம் செய்தனர். 1882-இல் பல்கலைக்கழகம் அமைந்தபோது ஆங்கிலவழி நவீன கல்விக்கும் அதில் இடம் கிடைத்தது. இதில் அந்த ஏட்டின் பிரசாரத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

காங்கிரசும் வங்கியும்

1884 டிசம்பரில் பிரம்மஞான சபை மாநாட்டையொட்டிச் சென்னையில் திவான் பகதூர் ரகுநாத ராவ் இல்லத்தில் 17 பேர் கூடி, அனைத்திந்திய அரசியல் அமைப்பொன்றின் தேவை குறித்து ஆலோசித்ததாக அன்னி பெசன்ட் பதிவு செய்திருக்கிறார். சுப்பிரமணிய அய்யர், ரங்கய்ய நாயுடு, ஆனந்தாசார்லு ஆகிய சென்னைத் தலைவர்களோடு சர்தார் தயாள் சிங்கின் பெயரும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. காங்கிரசின் பிறப்பில் அந்தச் சந்திப்புக்கு எவ்வளவு பங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பின்னாளில் காங்கிரசுக்கும் தயாள் சிங்குக்கும் இருந்த தொடர்பில் ஐயமில்லை. 1893-இல் தாதாபாய் நவுரோஜி தலைமையில் லாகூரில் காங்கிரஸ் கூடியபோது வரவேற்புக் குழுவின் தலைவர் தயாள் சிங்தான்.

இந்தியர்களின் சேமிப்பு இந்தியர்களின் தொழிலுக்கே பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் 1894-இல் பஞ்சாப் நேஷனல் வங்கி நிறுவப்பட்டது. 1895 ஏப்ரல் 12 அன்று லாகூரின் அனார்கலி கடைவீதியில் அது பணியைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் தயாள் சிங்; நிறுவனர்களில் முக்கியமானவர் லாலா ஹர்கிஷன் லால். வங்கி தொடங்கிய இரண்டே மாதங்களில் தயாள் சிங் தம் உயிலை எழுதினார்.

உயில் சொன்னது என்ன?

தயாள் சிங்குக்குக் குழந்தைகள் இல்லை. உறவினர் ஒருவரை வாரிசாக்கிச் சொத்து முழுவதையும் விட்டுச் செல்வதே அவர் குலத்தின் வழக்கம். அவரோ தம் சொத்தின் பெரும்பகுதியை மூன்று பொது நோக்கங்களுக்குப் பிரித்து வைத்தார்.

முதலாவது செய்தித்தாள். டிரிப்யூன் ஏடும் அதன் அச்சகமும் தனி அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏட்டின் தாராளக் கொள்கையைக் காப்பதும், அச்சகத்தையும் ஏட்டையும் திறம்பட நடத்துவதும் அவர்கள் கடமை. செலவு போக எஞ்சும் வருவாயை ஏட்டின் மேம்பாட்டுக்கே செலவிட வேண்டும். அதிலிருந்து எவரும் இலாபம் எடுத்துச் செல்ல இடமில்லை. இரண்டாவது, உயர்தரமான கலை, அறிவியல் கல்லூரி. பிரம்ம சமாஜக் கொள்கைக்கு இசைந்த ஒரே கடவுள் நெறியையும் ஒழுக்கத்தையும் அது போதிக்க வேண்டும். மூன்றாவது, பொது நூலகம்.

ஏட்டுக்கு அவர் நியமித்த அறங்காவலர்களைக் கவனிக்க வேண்டும். ஜோகேந்திர சந்திர போஸ் வங்காளி. சார்லஸ் கோலக்நாத் கிறிஸ்தவர். ஹர்கிஷன் லால் பஞ்சாபி இந்து. சொந்தக் குலத்தார், சொந்த சமயத்தார் என்று பாராமல், பொது வாழ்வில் தாம் நம்பியவர்களிடம் பொறுப்பைத் தந்திருக்கிறார்.

1898 செப்டம்பர் 9 அன்று தம் ஐம்பதாவது வயதில் தயாள் சிங் காலமானார். அவர் கனவு கண்ட கல்லூரியையோ நூலகத்தையோ அவர் பார்க்கவில்லை.

லண்டன் வரை சென்ற வழக்கு

உயிலை எதிர்த்து அவரது மனைவி ராணி பகவான் கௌர் வழக்குத் தொடர்ந்தார். வழக்கில் எழுந்த கேள்வி விந்தையானது. உயிலுக்கு நீதிமன்ற ஏற்பு வழங்கப்பட்டது 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் இந்துக்கள் உள்ளிட்ட சில சமயத்தாருக்கே பொருந்தும். தயாள் சிங் சீக்கியர்; போதாக்குறைக்குப் பிரம்ம சமாஜப் பற்றாளர்; உணவிலும் பழக்கவழக்கத்திலும் குல ஆசாரங்களைக் கடைப்பிடிக்காதவர். எனவே அவர் இந்து அல்லர், சட்டம் அவருக்குப் பொருந்தாது என்பது ராணியின் வாதம்.

வழக்கு பஞ்சாபின் நீதிமன்றங்களைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. 1903-இல் தீர்ப்பு வந்தது. அச்சட்டத்தைப் பொறுத்தவரை சீக்கியர்கள் இந்துக்கள் என்ற சொல்லில் அடங்குவர் என்றும், ஆசாரங்களைக் கைவிட்டதாலோ பிரம்ம சமாஜத்தின்பால் ஈர்க்கப்பட்டதாலோ ஒருவர் அந்த நிலையை இழப்பதில்லை என்றும் பிரிவி கவுன்சில் கூறியது. உயில் நிலைத்தது.

யார் இந்து என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் அந்தத் தீர்ப்பு பிற்காலத்தில் எடுத்தாளப்பட்டது. விடுதலைக்குப் பின் உச்ச நீதிமன்றமும் அதைச் சுட்டியுள்ளது. தங்கள் சமயம் தனித்தது என்று வலியுறுத்தும் சீக்கியர்களுக்கு அது உவப்பானதாக இல்லை. எந்தச் சமய வேலிக்குள்ளும் அடங்க விரும்பாத ஒருவரின் கொடையைக் காப்பாற்ற, அவரை ஒரு சமயத்தின் பெயருக்குள் அடக்க வேண்டியிருந்தது என்பது வரலாற்றின் முரண்.

வழக்கு முடிந்த பின்பே பணிகள் வேகம் பெற்றன. 1906-இல் டிரிப்யூன் நாளேடானது. 1908-இல் நூலகமும், 1910-இல் லாகூர் தயாள் சிங் கல்லூரியும் தொடங்கப்பட்டன.

சிறையும் வரியும்

நிறுவனர் மறைந்த பின் ஏடு என்ன கொள்கையில் நிற்கும் என்ற கேள்விக்கு 1919-இல் விடை கிடைத்தது. ராணுவச் சட்டத்தின் கீழ் பஞ்சாப் தத்தளித்த அந்த ஆண்டில் ஆசிரியர் காளிநாத் ராய் கைது செய்யப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையைக் கண்டித்து காந்தியடிகள் குரல் கொடுத்தார். பின்னர் தண்டனை மூன்று மாதங்களாகக் குறைக்கப்பட்டது. விடுதலையான ராய் மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்தார். 1943 வரை அவரே ஆசிரியர். இடையில் நின்று அவரை விலக்கச் சொல்ல அந்த ஏட்டுக்கு முதலாளி எவரும் இல்லை.

அடுத்த சோதனை வருமான வரித் துறையிடமிருந்து வந்தது. விலைக்கு விற்கப்படும், விளம்பரத்துக்குப் பணம் வாங்கும் ஒரு செய்தித்தாள் எப்படி அறப்பணி ஆகும் என்று துறை கேட்டது. இந்த வழக்கும் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. ஒரு மாகாணத்தின் படித்த மக்களுடைய கருத்தை வெளியிடும் ஏட்டை வழங்குவது பொதுமக்களுக்குப் பயன்தரும் நோக்கமே என்று 1939-இல் தீர்ப்பாகியது. வரிவிலக்குக் கிடைத்தது. அறக்கட்டளைச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றளவும் படிக்கும் தீர்ப்பு அது.

ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பொதுப் பயன் என்ற பிரிவில் வரும் அறக்கட்டளைகள் இலாப நோக்கில் செயல்படக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தது. 1983-இல் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டன. 2008-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதிச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு மீண்டும் கடிவாளமிட்டது. இதையொட்டி எழுந்த வழக்குகளின் தொகுப்பில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிரிப்யூனின் விளம்பர வருவாய் வணிகத் தன்மை கொண்டது என்பதால் விலக்குக் கோர இயலாது என்று அறக்கட்டளையின் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. உயிலின் வாசகம் மாறவில்லை. அறம் எது என்பதற்கு அரசு தரும் வரையறைதான் மாறிவந்தது.

பிரிவினை பிளந்த கொடை

தயாள் சிங் எதிர்பார்த்திருக்கவே முடியாத ஒன்று 1947-இல் நிகழ்ந்தது. கல்லூரி, நூலகம், வருவாய் தந்த கட்டடங்கள், ஏட்டின் அச்சகம் அனைத்தும் லாகூரில். ஆசிரியர் குழுவினரும் அறங்காவலர்களும் வாசகர்களில் பெரும்பாலோரும் எல்லைக்கு இப்பால். ஆகஸ்ட் நடுவில் லாகூரில் ஏடு நின்றது. செப்டம்பர் 25 அன்று சிம்லாவிலிருந்து மீண்டும் வெளிவந்தது. 1948-இல் அம்பாலாவுக்கும், 1969-இல் சண்டீகருக்கும் இடம்பெயர்ந்தது. 1978 ஆகஸ்ட் 15 அன்று இந்தியிலும் பஞ்சாபியிலும் துணை நாளேடுகளைத் தொடங்கியது.

கல்லூரி அறக்கட்டளை இப்பக்கம் வந்து 1949-இல் கர்னாலிலும், பின்னர் தில்லியிலும் கல்லூரிகளை நிறுவியது. தில்லிக் கல்லூரி 1978-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பராமரிப்புக்குச் சென்றது. தில்லியிலும் ஒரு பொது நூலகம் அமைந்தது.

லாகூரில் விட்டுவந்தவையும் அழிந்துவிடவில்லை. அங்குள்ள கல்லூரி 1972-இல் அரசுடைமையானது. ஆனால் தயாள் சிங்கின் பெயர் நீடித்தது. நூலகம் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 1964-இல் மீண்டும் திறக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதார் விட்டுச் சென்ற அறச்சொத்துகளைக் கவனிக்கும் பாகிஸ்தான் வாரியம் அதைப் பராமரிக்கிறது. சாலைகளும் பூங்காக்களும் பெயர் மாற்றம் பெற்ற லாகூரில், ஒரு சீக்கியப் பிரபுவின் பெயரைக் கல்லூரி வாயிலிலிருந்து அகற்றவில்லை.

மாநிலங்களவையில் ஒரு பெயர்

அந்தப் பெயரை அகற்றும் முயற்சி தில்லியில்தான் நடந்தது. பல்கலைக்கழகத்தின் தயாள் சிங் மாலைக் கல்லூரி பகல் நேரக் கல்லூரியாக மாற்றப்பட்டதையொட்டி, அதற்கு வந்தே மாதரம் மகாவித்யாலயா என்று பெயர் சூட்ட நிர்வாகக் குழு 2017 நவம்பரில் முடிவெடுத்தது. சீக்கிய அமைப்புகள் கொதித்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தனர். மத்திய அமைச்சரவையில் இருந்த அகாலி தளத்தின் ஹர்சிம்ரத் கௌர் பாதல் வெளிப்படையாகக் கண்டித்தார். தொடர்ந்து கூடிய குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் அகாலி தள உறுப்பினர் நரேஷ் குஜ்ரால் பிரச்னையை எழுப்பினார். பெயர் மாற்றத்தை அரசு ஏற்கவில்லை, அது நிறுத்தி வைக்கப்படும் என்று மனிதவள மேம்பாட்டு அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் அவையில் உறுதியளித்தார்.

விவாதம் பெரும்பாலும் தேசப்பற்று, சிறுபான்மையினர் உணர்வு என்ற இரு முனைகளில் நடந்தது. அதற்கு அடியில் இருந்த சட்டக் கேள்வி அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒருவர் தம் சொத்தால் உண்டாக்கிய நிறுவனத்தை அவரது அறக்கட்டளை அரசுப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறது. அதன் பிறகு கொடையாளியின் பெயரையும் நோக்கத்தையும் காக்கும் பொறுப்பு யாருடையது? அன்றைய நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை வாக்கு அதற்குப் போதுமா? அமைச்சரின் உறுதிமொழி உடனடிச் சிக்கலைத் தீர்த்தது. கேள்விக்கு விடை தரவில்லை.

இந்தச் சர்ச்சை அடங்குவதற்குள், 2018 ஜனவரியில் டிரிப்யூன் மீண்டும் தலைப்புச் செய்தியானது. வெறும் 500 ரூபாய்க்கு ஆதார் விவரங்களைப் பெற முடிகிறது என்று அது வெளியிட்ட செய்தி நாட்டை உலுக்கியது. தகவல் கசியவில்லை என்று மறுத்த ஆதார் ஆணையம் காவல்துறையில் புகார் அளித்தது. வழக்குப் பதிவில் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. பத்திரிகை அமைப்புகள் ஏட்டின் பக்கம் நின்றன.

எது நிலைத்தது?

தயாள் சிங் தொடங்கி வைத்தவற்றில் பங்குதாரர்களோடு பிறந்தது வங்கி. அது 1947-இல் லாகூரிலிருந்து தில்லிக்கு மாறி, 1969-இல் நாட்டுடைமையாகி, மாபெரும் பொதுத்துறை வங்கியாக வளர்ந்தது. பல்கலைக்கழகத்திடம் சென்ற தில்லிக் கல்லூரிக்கு மக்களின் வரிப்பணம் கிடைத்தது. அதன் பெயர் ஒரு நிர்வாகக் குழுவின் வாக்கெடுப்புக்கு உள்ளானது. அறங்காவலர்களிடமே தங்கிய செய்தித்தாளுக்கு வரிவிலக்குப் போனது. ஆனால் அதன் கொள்கையை வகுக்கும் உரிமை கைமாறவில்லை.

பெரும் செல்வர்கள் அறக்கட்டளைகள் தொடங்குவது அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. அவற்றில் பல, கொடையாளியின் குடும்பத்தாரே தலைமை வகிக்கும் அமைப்புகள். தயாள் சிங்கின் உயில் மூன்று ஏற்பாடுகளைச் செய்திருந்தது. நோக்கம் தெளிவாக எழுதப்பட்டது. வருவாய் அந்த நோக்கத்தோடு கட்டப்பட்டது. பொறுப்பு குடும்பத்துக்கு வெளியே, வெவ்வேறு சமூகத்தாரிடம் தரப்பட்டது. மனைவியின் வழக்கு, அரசின் வரிக் கோரிக்கை, நாட்டின் பிரிவினை ஆகிய மூன்றையும் கடந்து அந்த ஏடு வெளிவருவதற்கு இந்த ஏற்பாடுகளே காரணம். அறக்கட்டளைச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்கள் அவைகளின் முன் வரும்போதெல்லாம், வரி எவ்வளவு என்ற கணக்கோடு கொடையாளியின் நோக்கத்துக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். 1895-இல் லாகூரில் எழுதப்பட்ட அந்த உயில் அதற்குத் தக்க சான்று.